புலி குறுக்கே போன நேரம்

ஜன்னல் ஓரத்தைக் கோவிந்தப்பன் விட்டுக்கொடுத்துவிட்டான். "பரிசு வாங்குனது நீ. நீ பாரு, நான் உன் தோளுக்கு மேல பாத்துக்கறன்" என்று மாரிசாமியை உள்ளே தள்ளி உட்காரவைத்தான். கம்பி வலை போட்ட பச்சை வேன் காட்டுக்குள் நுழைந்தது. ஓசூர் ஃபேக்டரியில் அந்த வருடத்துச் சிறந்த அணி என்று கம்பெனி எல்லோருக்கும் ஆரஞ்சு டி-ஷர்ட் கொடுத்து, கர்நாடகக் காட்டில் இரண்டு நாள் லாட்ஜும் போட்டுக் கொடுத்திருந்தது. காட்டுக்குள் இந்த நிறம் ஆகாது என்று லாட்ஜ்காரர்கள் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னதால், மொத்தக் கூட்டமும் லாட்ஜின் பழுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, குளிர்காய்ச்சல் வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, கார்த்திகை மாதத்துக் குளிரும் கொஞ்சம் இருந்தது.

மாரிசாமிக்கு மட்டும் வேர்த்தது. மதியச் சாப்பாட்டிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த சூப்பர்வைசர் ரத்தினவேல், குழம்பை ஊற்றிக்கொண்டே சாவகாசமாகச் சொல்லியிருந்தார். "புதன்கிழமைலேர்ந்து உன் மெஷினுக்கு லோடிங் ஆள் கிடையாது. சரிவுதான் நல்லா வேலை செய்யுதே. கோவிந்தப்பன வேணாம்னு கான்ட்ராக்டர்கிட்ட சொல்லியாச்சு. ஊர் போய்ச் சேர்றவரைக்கும் நீ வாயத் திறக்காத. டூர்ல எல்லார் மூடும் கெட்டுடும்."

அந்தச் சரிவுக்குத்தான் பரிசு. ட்ராலியிலிருந்து இரும்பு வார்ப்புகளை இரண்டு இரண்டாகத் தூக்கிவந்து மாரிசாமியின் மெஷினில் வைப்பதுதான் கோவிந்தப்பனின் வேலை. ஒருநாள் டீ குடிக்கும்போது, "வாய்க்கா மாதிரி ஒரு வாட்டம் வெச்சா, இது தானா ஓடியாந்துடாதா?" என்று அவன்தான் கேட்டான். கழித்துப் போட்ட குழாய்களை அறுத்து, உருளைகள் பொருத்தி, இரண்டு பேரும் ஷிஃப்ட் முடிந்து நின்று செய்தார்கள். கான்ட்ராக்ட் ஆள் பெயரில் யோசனை கொடுக்க முடியாது என்பதால் மாரிசாமி பெயரில் கொடுத்தார்கள். பரிசு வந்ததும், அவன் இல்லாமல் நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்து அவனையும் வண்டியில் ஏற்றியது மாரிசாமிதான். அப்போது ரத்தினவேல் சிரித்துக்கொண்டே சரியென்றதற்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவன் சோற்றில் அவன் கையாலேயே மண்ணைப் போடவைத்திருக்கிறோம்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. வழி முழுக்கக் கோவிந்தப்பனுக்கு ஒரே பேச்சு. ஃபேக்டரி பக்கம் மூக்கண்டப்பள்ளியில் ரூம் பார்த்தாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை பொண்டாட்டி சரிதாவும் பொண்ணும் ஊத்தங்கரையிலிருந்து வந்துவிடுவார்கள், அங்கே மாட்டைப் பார்க்க ஆளில்லை, நாளைக் காலைச் சந்தையில் சரிதா அதை விற்றுவிடுவாள். சினை மாடு. வீட்டில் பால் காசுக்கு அதுதான் ஆதாரம். போன மாட்டைத் திருப்பிப் பிடிக்க முடியுமா? செல்போனுக்கு இங்கே சிக்னல் இல்லை, ஆனால் லாட்ஜ் ஆபீஸில் போன் இருந்தது. இன்று ராத்திரிக்குள் ஒரு வார்த்தை சொன்னால் மாடாவது மிஞ்சும். சொன்னால் ரத்தினவேல் சும்மா விடமாட்டார் என்பதும் தெரியும். அதைவிட, கேட்டதும் கோவிந்தப்பன் தன்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்துத்தான் மாரிசாமிக்கு நாக்கு எழவில்லை. பயந்தாங்கொள்ளி என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

தேக்கு மரங்களுக்கு நடுவே வேன் சட்டென்று நின்றது. எங்கேயோ ஒரு புள்ளிமான் ஒற்றைக் குரலில் கத்தியது. முன்னால் நின்ற வழிகாட்டி, கன்னடத்தையும் தமிழையும் கலந்து அடிக்குரலில் சொன்னார். "ஹுலி, புலி இருக்கு சார். பாத்த மான் சும்மா இருக்காது, மத்ததுக்குச் சொல்லும். யாரும் மாத்தாட பேடி, பேசாதீங்க." வேனே மூச்சை அடக்கியது.

கோவிந்தப்பன் காதோரம் கிசுகிசுத்தான். "கத்துனா புலி மொதல்ல அதத்தான பாக்கும்? பொழைக்கத் தெரியாத மானு." சொல்லிவிட்டு, சத்தம் வராமல் குலுங்கிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை மாரிசாமியால் தாங்க முடியவில்லை.

"கோவிந்தா, மாட்ட விக்கச் சொல்லாத."

"என்னாது?"

"புதன்கிழமைலருந்து உனக்கு வேல இல்ல. சரிவு இருக்குன்னு ஆளு வேணாம்னுட்டாவ. மதியம்தான் சூப்பர்வைசர் சொன்னாரு."

முன் சீட்டிலிருந்து இரண்டு பேர் திரும்பி, உஷ் என்றார்கள். ரத்தினவேலும் திரும்பி முறைத்தார். அதற்குள் யாரோ "அதோ" என்றார்கள். போர்வைகள் எல்லாம் ஒரே பக்கமாக எழுந்தன, கேமராக்கள் எழுந்தன. கோவிந்தப்பன் எழவில்லை. மாரிசாமியின் முகத்தை விட்டு அவன் கண் நகரவில்லை.

"மறுக்கா சொல்லு."

மாரிசாமி மறுபடி சொன்னான். இந்த முறை குரல் தெளிவாகவே வந்தது. அவர்கள் தலைக்கு மேல் கேமராக்கள் படபடவென்று அடித்தன. யாரோ காலை மிதித்தார்கள். பிறகு ஒரு நீண்ட பெருமூச்சோடு எல்லோரும் உட்கார்ந்தார்கள். புலி பாதையைக் கடந்து போய்விட்டிருந்தது.

"பாத்தீங்களாப்பா ரெண்டு பேரும்?" என்று ரத்தினவேல் கேட்டார். கேட்ட விதத்திலேயே வேறொரு கேள்வியும் இருந்தது.

"பாத்தன் சார்" என்றான் கோவிந்தப்பன்.

புலி திரும்பி வரலாம், அரைமணி நேரம் காத்திருக்கலாம் என்றார் வழிகாட்டி. எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கோவிந்தப்பன் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வார்ப்பு தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை.

"போன் எங்க இருக்குது?"

"லாட்ஜ் ஆபீஸ்ல. வாசல் பக்கத்துல."

அவன் எழுந்தான். போர்வை நழுவிச் சீட்டில் விழுந்தது. அந்த மங்கலில் ஆரஞ்சு நிறம் கண்ணைக் குத்தியது. "உக்காருய்யா", "போர்வையப் போடு" என்று நாலாபக்கமும் அடங்கிய குரல்கள் வந்தன. எதையும் காதில் வாங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவரை நோக்கி முன்னால் நடந்தான். அவன் முதுகில் 'சிறந்த அணி' என்ற பெரிய எழுத்து சீட்டு சீட்டாக நகர்ந்துபோனது.

"வண்டிய எடுங்க" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். எங்கேயோ மான் இன்னொரு முறை கத்தியது.

ரத்தினவேல் அவனைப் பார்க்கவில்லை, பின் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாரிசாமியின் கை தன் போர்வை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது.