கீழ்வீட்டுக்குக் கேட்கும்

துண்டின் ஒரு முனையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டுதான் அடெலின் தன் கணவனின் கால்களுக்குக் காலுறை மாட்டினாள். வலது காலுக்கு ஏறிவிட்டது. இடது கால் வீங்கிக் கிடந்தது. கட்டிலின் மறுபக்கம் நின்ற மகள் மிர்லாந் குனிந்து, காலுறையின் வாயை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தாள்.

"விடும்மா, நான் மாட்டறேன்."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். துண்டை எடுக்கவில்லை. மூக்கு வழியாக ஏதோ ஒரு சத்தம் வந்தது. அதையும் அவள் மூச்சைப் பிடித்து அடக்கினாள்.

அந்தெனோர் மதியம் இறந்துபோயிருந்தார். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். சவப்பெட்டிக்காரர்கள் மாலையில் வருவார்கள். சித்தப்பா ஜிஸ்லென் சான்டியாகோ நகரத்தின் மறுகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். அதுவரை இந்த மூன்றாம் மாடி வீட்டில் அம்மாவும் மகளும், கட்டிலில் அவரும்தான்.

காலுறை மாட்டி முடிந்தது. சட்டைப் பொத்தானையும் போட்டாயிற்று. செய்ய வேறொன்றும் இல்லாமல் போனதும் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து துண்டை இன்னும் இறுகக் கடித்தாள். மிர்லாந்தால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அம்மா, அழுதுடும்மா."

அம்மா துண்டை எடுத்தாள். "கீழ கேக்கும்."

"கேக்கட்டுமே."

"உங்கப்பா ஆறு வருஷமா இந்த வீட்டைப் பஞ்சுல சுத்தி வச்சிருந்தாரு. இப்ப நான் கத்தி, கீழ்வீட்டுக்காரி போலீஸைக் கூப்பிட்டு, அவங்க வந்து இந்தக் கட்டில் பக்கத்துல நின்னுகிட்டு விசா காகிதம் கேக்கணுமா? செத்த அன்னிக்காவது அவரை யாரும் காகிதம் கேக்காம இருக்கட்டும்."

ஹைட்டியில், அவர்கள் ஊரான ஜெரெமியில், ஒரு வீட்டில் உயிர் போனால் அந்த வீட்டுப் பெண்கள் தெருவுக்கு ஓடிவந்து கத்துவார்கள். அந்தக் கத்தல்தான் சாவுச் செய்தி. கேட்டவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பி வருவார்கள். மிர்லாந்துக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது புயல் வந்து அந்த ஊரில் பாதிக் கூரைகளைக் கொண்டுபோனது. அவர்கள் வீட்டுக் கூரையும் போனது. இருந்த துண்டு நிலத்தை விற்றுவிட்டு மூன்று பேரும் சிலிக்கு விமானம் ஏறினார்கள்.

ஜெரெமியில் அப்பாவுக்குப் படகுத்துறையில் பயணிகளைக் கூவி அழைக்கும் வேலை. தலைநகருக்குப் போகும் படகு கிளம்பப்போகிறது, வா வா என்று அவர் குரல் கொடுத்தால் சந்தைவரை கேட்கும். இங்கே காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கினார். அதற்குக் குரல் வேண்டியதில்லை.

வந்து ஒரு வாரத்தில் புது வருடம் பிறந்தது. ஹைட்டிக்காரர்களுக்கு அது சுதந்திர நாளும்கூட. பூசணி சூப் வைத்து, முன்பே வந்திருந்த சித்தப்பாவுக்குத் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, அம்மா பாட, அப்பா மேசையைத் தட்ட, வீடே அதிர்ந்தது. கீழ்வீட்டிலிருந்து விட்டத்தை இடித்தார்கள். அதுவும் தாளம்தான் என்று நினைத்துச் சித்தப்பா பதிலுக்குத் தரையைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்தது. விருந்தாளிகள் எல்லாரையும் மாடிப்படியில் வரிசையாக நிற்கவைத்துக் காகிதம் கேட்டார்கள். ஒவ்வொரு தளத்திலும் கதவு திறந்து ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். அப்பா கையில் கரண்டியோடு நின்றிருந்தார்.

மறுநாள் காலையில் அவர் மிச்சமிருந்த சூப்பை ஒரு வாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு கீழே போனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது. வந்ததும் பழைய கம்பளி ஒன்றைக் கிழித்து நாற்காலிக் கால்களுக்கெல்லாம் சுற்றிக் கட்டினார். "இனிமே மெதுவா பேசுவோம்" என்றார்.

"அவ கால்ல விழுந்துட்டு வந்தியா?" என்று அம்மா கேட்டாள்.

அவர் முடிச்சை இறுக்கினார்.

"போய்யா, பயந்தாங்கொள்ளி."

அதன்பிறகு சண்டை வரும்போதெல்லாம் அம்மா அந்த வார்த்தையைத்தான் எடுத்தாள். அவர் சிரிப்பைக்கூடக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டார். மிர்லாந் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு, இந்த ஊர்ப் பெண்களைப் போலவே வார்த்தையின் வாலை விழுங்கிப் பேச ஆரம்பித்தாள். இப்போது மருந்துக்கடையில் வேலை. அப்பாவைப் பற்றி அவளும் மனதுக்குள் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்ததுண்டு.

கதவை யாரோ தட்டினார்கள்.

திறந்தால் கீழ்வீட்டு நெல்டா நின்றிருந்தாள். அறுபதைத் தாண்டிய, குட்டையான பெண். கம்பளி மேலங்கிக்குக் கீழே வீட்டுச் செருப்பு. கையில் ஒரு துணியில் சுற்றிய சூடான ரொட்டி.

"டாக்டர் இறங்கிப் போறதைப் பார்த்தேன்" என்றாள். "அதுக்கப்புறம் உங்கப்பா இருமல் சத்தம் வரல. ராத்திரி பகல்னு கேட்டுகிட்டே இருப்பேன். வரவே இல்ல."

 மிர்லாந் வழியை விட்டு விலகி நின்றாள். நெல்டா உள்ளே வந்து, திறந்திருந்த அறை வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. தங்கள் மொழியான க்ரியோலில் மகளிடம் கேட்டாள்: "என்னவாம்? நான் இன்னும் வாயே திறக்கலியே. போலீஸைக் கூப்பிட வந்தாளான்னு கேளு."

"அம்மா உங்களை உக்காரச் சொல்றாங்க" என்று மிர்லாந் ஸ்பானிஷில் சொன்னாள்.

நெல்டா ரொட்டியை மேசையில் வைத்தாள். "போலீஸ்ங்கற வார்த்தை எல்லா பாஷையிலயும் ஒண்ணுதான், கண்ணு. அப்படியே சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

மிர்லாந் முகம் சிவக்க, அப்படியே சொன்னாள்.

"ஆமா, அன்னிக்குக் கூப்பிட்டது நான்தான்" என்றாள் நெல்டா. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சுற்றியிருந்த கம்பளி காரணமாக அது சத்தமே எழுப்பவில்லை. அவள் குனிந்து நாற்காலிக் காலைப் பார்த்தாள். பிறகு, "உங்கப்பா எல்லாத்தையும் சொல்லியிருப்பாரே" என்றாள்.

"எதை?"

நெல்டா அவளை உற்றுப் பார்த்தாள். "எதுவுமே சொல்லலியா?"

"என்னடி சொல்றா?" என்றாள் அம்மா.

"இரும்மா."

"நீங்க குடிவந்த மாசம்தான் என் வீட்டுக்காரர் போனாரு" என்றாள் நெல்டா. "ஆஸ்பத்திரியில உயிர் போய், சர்ச்சுல வச்சு, அங்கேருந்தே எடுத்துட்டோம். வீட்டுக்கு நான் மட்டும் திரும்பி வந்தேன். மொத புது வருஷம். இருட்டுல உக்காந்திருந்தேன். என் தலைக்கு மேல நீங்க ஆடுறீங்க. என்னால தாங்க முடியல. மறுநாள் உங்கப்பா சூப்போட வந்து நிக்கறாரு. ஒரு வார்த்தைகூட ஸ்பானிஷ் தெரியாது. அந்த மனுஷன் முன்னாடி உக்காந்து கோன்னு அழுதேன். சுவத்துல இருந்த போட்டோவைக் காட்டினேன். அவருக்குப் புரிஞ்சுது. அன்னிக்கு ஒரு விரலை வாய்ல வச்சுக் காட்டினேன், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு. போலீஸைக் கூப்பிட்டுட்டு, அடுத்த நாள் அவர்கிட்டயே அழுதேன்ல. வெட்கமா இருந்துச்சு."

மிர்லாந் இதை அம்மாவுக்குச் சொன்னாள். பாதியில் நின்றுவிட்டாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து, "முழுசா சொல்லு" என்றாள். சொன்னாள்.

அம்மா நெல்டா பக்கம் திரும்பினாள். அவள் கேட்டது மிர்லாந் எதிர்பார்க்காத கேள்வி.

"ஏன் அழல?"

"என்னம்மா?"

"கேளு அவகிட்ட. புருஷன் செத்துட்டான். நாங்க அதே கட்டடத்துல இருக்கோம். ஒரு அழுகைச் சத்தம் வரலியே. வந்திருந்தா நான் பாடுவேனா? அடுப்புல இருந்த சூப்போட அப்பவே இறங்கி வந்திருக்க மாட்டேனா? சத்தம் போடாம அழுதா யாருக்குத் தெரியும்?"

மிர்லாந் அதைச் சொன்னாள். நெல்டாவின் உதட்டோரம் லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"தலையணைக்குள்ள அழுதேன்" என்றாள். "எங்க வழக்கம் அப்படி. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதுன்னு."

அப்போதுதான் அவள் பார்வை அம்மாவின் மடியில் கிடந்த துண்டுக்குப் போனது. ஒரு முனை நனைந்து, பல் பதிந்து கசங்கியிருந்தது. நெல்டா எழுந்து போய் அதை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சொல்லு உங்கம்மாகிட்ட. ராத்திரி அவர் எழுந்து தண்ணி குடிக்கப் போனாக்கூட வெறுங்கால்ல, விரல் நுனியிலதான் நடப்பாரு. ஆனா எனக்குக் கேக்கும். பலகை லேசா முனகும். எனக்காகத்தான் இப்படி நடக்கறாருன்னு தெரியும். பயப்படாம நடங்கன்னு ஒரு நாள் மாடிப்படியில சொன்னேன். அப்போ கொஞ்சம் ஸ்பானிஷ் வந்திருச்சு அவருக்கு. 'பயம் இல்லம்மா, நீங்க தூங்கணும்'னாரு."

மிர்லாந் அம்மாவிடம் திரும்பினாள். அந்த ஒரு வரியைச் சொல்வதற்குத்தான் அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"பயம் இல்லன்னாராம்மா. அவங்க தூங்கணும்னாராம்."

அம்மா எழுந்தாள். கட்டிலருகே போனாள். காலுறை மாட்டிய அந்த வீங்கிய காலைத் தொட்டாள்.

"பயந்தாங்கொள்ளின்னேனே" என்றாள். சாதாரணமாக, கடைக்குப் போய் எதையோ வாங்க மறந்துவிட்டதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "ஆறு வருஷமா சொன்னேனே. ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? நான் என்ன ஊரெல்லாம் சொல்லிடவா போறேன்? அந்தெனோர். ஏய், அந்தெனோர்."

மூன்றாவது முறை அந்தப் பெயரைச் சொன்னபோது குரல் உடைந்து, மேலே ஏறி, நின்றுவிடாமல் ஏறிக்கொண்டே போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மாவுக்கு இப்படியொரு குரல் இருக்கிறது என்பதையே மிர்லாந் மறந்திருந்தாள். அடிவயிற்றிலிருந்து வந்த குரல். படகுத்துறையில் கூவிய மனிதனுக்கு வாழ்க்கைப்பட்டவளின் குரல். மிர்லாந் வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்தது.

நெல்டா வாசல் கதவை அகலத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு மாடிப்படிக்குப் போனாள். மேல்தளத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ, "என்னது அது?" என்று கேட்டார்கள்.

"மூணாவது மாடி அந்தெனோர் போயிட்டாரு" என்றாள் நெல்டா. "நல்லா உடுத்திகிட்டு வாங்க. நாற்காலி இருந்தா எடுத்துட்டு வாங்க."

வந்தார்கள். முதலில் நான்காம் மாடி டாக்சிக்காரர் வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். பிறகு அவர் மனைவி வந்தாள். தரைத்தளத்தில் இருந்த பெரு நாட்டுப் பெண் ஒரு பானை நிறையக் காப்பி கொண்டுவந்தாள். இந்த ஊர்க்காரர்கள் சாவு வீட்டில் முணுமுணுத்துத்தான் பேசுவார்கள். அம்மாவின் அழுகைக்கு நடுவே எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள். ஆனால் யாரும் போகவில்லை.

பொழுது சாயும்போது சித்தப்பா அழுதுகொண்டே படியேறி வந்தார். கூடவே ஹைட்டிக்காரர்கள் பத்துப் பேர். அவர்கள் அந்தெனோரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் மேசையைப் போட்டு டொமினோக் கட்டை ஆட உட்கார்ந்தார்கள். சாவு வீட்டில் விடிய விடிய விளையாடிச் சிரித்துப் பேசி விழித்திருப்பதுதான் அவர்கள் வழக்கம். டாக்சிக்காரர் திகைத்துப்போய் நெல்டாவைப் பார்த்தார்.

"போய் உக்காரும்" என்றாள் அவள். "ஆட்டத்துக்கு ஆள் குறையுதாம்."

சவப்பெட்டிக்காரர்கள் வந்தபோது பெட்டி படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. சித்தப்பா க்ரியோலில் கத்த, டாக்சிக்காரர் ஸ்பானிஷில் கத்த, கடைசியில் இருவரும் சேர்ந்து அதைச் செங்குத்தாக நிமிர்த்தித் தூக்கி வந்தார்கள். கூடத்தின் நடுவில் அப்பாவைக் கிடத்தினார்கள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிந்தது.

அம்மா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நெல்டா. அம்மா க்ரியோலில் ஏதோ சொன்னாள். நெல்டா ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். மிர்லாந் மொழிபெயர்க்கப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அவர் குறட்டை விடுவாரு, பாரு" என்று அம்மா நெல்டாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்காளுக்குச் சர்க்கரை. ஒளிச்சு வச்சாலும் கண்டுபிடிச்சுத் தின்னுடுவாரு" என்றாள் நெல்டா.

"அதேதான்" என்று அம்மா தலையாட்டினாள்.

இரண்டு பேரும் அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மிர்லாந் நிமிர்ந்தாள்.

"காப்பிக்குக் கோப்பை பத்தல, கண்ணு" என்றாள் நெல்டா, திரும்பாமலே. "என் வீடு திறந்துதான் கிடக்கு. சமையல்கட்டு அலமாரில இருக்கு. எடுத்துட்டு வா."

மிர்லாந் இறங்கிப் போனாள். நெல்டாவின் வீட்டுக்குள் அவள் வந்ததே இல்லை. அவர்கள் வீட்டின் அதே அமைப்பு. அதே இடத்தில் ஜன்னல், அதே இடத்தில் சமையல்கட்டு. விளக்கைப் போட்டு, அலமாரியைத் திறந்து, கிடைத்த கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இரண்டு கைகளிலும் எடுத்துக்கொண்டாள்.

நெல்டாவின் கூடத்துக்கு வந்தபோது தலைக்கு மேலே எல்லாம் கேட்டது. டொமினோக் கட்டையை மேசையில் அறையும் சத்தம். சித்தப்பாவின் குரல். யாரோ செருமுவது. யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். பிறகு காலடிகள். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துவைக்கும், அவளுக்குத் தெரிந்த நடை. அம்மா.

அம்மா கூடத்தின் நடுவிலிருந்து மெல்ல நடந்தாள். கீழே மிர்லாந்தும் கோப்பைகளோடு அண்ணாந்து பார்த்தபடி கூடவே நடந்தாள். காலடி நடைவழியைக் கடந்து, வலப்பக்கம் திரும்பி, படுக்கையறைக்குள் போனது. மிர்லாந்தும் திரும்பி, நெல்டாவின் படுக்கையறை வாசலைத் தாண்டினாள்.

மேலே, காலிக் கட்டில் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நடை நின்றது.

மிர்லாந் அதற்கு நேர் கீழே நின்றாள்.