குறைச்சீட்டு

ஸ்டோர்காரருக்கு அந்தப் பெயர் வேலையால் வந்தது. பம்பு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் சரக்கறைப் பொறுப்பு அவருடையது. ஒரு போல்ட்டு குறைந்தாலும் லாரிக்காரரை நகர விடமாட்டார் என்று பேர். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் தெருவில் அவர் ஸ்டோர்காரர்தான்.

ஆனால் தன் வீட்டு வாசலுக்குள் அவர் வேறு ஆள். வீடு தேடி வந்த பொருளை, கொண்டுவந்தவர் கண்ணெதிரே பிரித்து எண்ணுவது அவர்கள் குடும்பத்தில் கிடையாது. அப்பா எண்ணியதில்லை, பெரியப்பா எண்ணியதில்லை. ஒருமுறை பால்காரரின் அளவுக் குவளைக்குள் எட்டிப் பார்த்துவிட்ட சித்தப்பாவை இன்றைக்கும் உறவில் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பேசுவார்கள். அதேபோல அவர்கள் குறை சொல்லவும் மாட்டார்கள். விருந்துக்குப் போன இடத்தில் உப்பே இல்லாவிட்டாலும் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கிற வம்சம்.

திங்கட்கிழமை காலை, தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு பெண் நீளமான அட்டைப் பெட்டியை வாசலில் சாய்த்துவைத்தாள்.

"எல்லாம் சரியா வந்துடுச்சுன்னா போனுக்கு வந்த நாலு நம்பரைச் சொல்லுங்க சார்."

"வந்துடுச்சும்மா" என்றார் ஸ்டோர்காரர், பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். நம்பரைச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லி வண்டியைக் கிளப்பி, தெருமுனை திரும்பிய பிறகுதான் கத்திரிக்கோலை எடுத்தார்.

உள்ளே ஒரே ஒரு கைப்பிடிக் கம்பி. பெட்டியைக் கவிழ்த்தார், தட்டினார், உள்ளே கைவிட்டுத் துழாவினார். நாலடிக் கம்பி எந்த மூலையில் ஒளிந்துகொள்ளும்? அவர் கேட்டது இரண்டு, ஒரு ஜோடி.

அந்த ஜோடியை நம்பித்தான் அவருடைய சனிக்கிழமை இருந்தது. குளியலறை வாசலில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மனைவி மருத்துவமனையில் இருபத்துமூன்று நாளாகப் படுத்திருக்கிறாள். நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் கண்டிப்பானவள். கட்டிலில் இருந்து குளியலறைக்குப் போகும் குறுகலான நடையில், இரண்டு பக்கச் சுவரிலும் கம்பி பதித்து, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் போட்டோ காட்ட வேண்டும். காட்டினால் சனிக்கிழமை வீடு. இல்லாவிட்டால் தம்பி வீடு.

மனைவியின் தம்பி நல்லவர்தான். அதுதான் தொந்தரவே. "சங்கடப்படாதீங்க அத்தான், அக்கா எங்க வீட்டுக்கு வரட்டும். எங்க வீட்டுல எல்லாம் இருக்கு" என்று சொல்லியிருந்தார். அந்த 'எல்லாம்' ஸ்டோர்காரரின் காதுக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிய மனைவிக்குப் பிடித்து நடக்க ஒரு கம்பி போட முடியாமல் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பினார் என்று யாராவது சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிமிர்ந்து உட்காருவது எப்படி?

போனை எடுத்துப் பார்த்தார். 'உங்கள் ஆர்டர் முழுமையாக வழங்கப்பட்டது' என்று பச்சைக் குறி போட்டிருந்தது. அதன் கீழே ஒரு சின்னப் பொத்தான்: 'குறைகளைத் தெரிவிக்க'. விரல் அதன் பக்கத்தில் போய், சூடுபட்டது போலத் திரும்பி வந்துவிட்டது.

தெருக்கோடி இரும்புக்கடைக்குப் போனார். "நாலடி கைப்பிடியா? சொல்லி வரவழைக்கணும் சார். பத்து நாள் ஆகும்" என்றார் கடைக்காரர். "ஏன், வாங்கினதுல ஏதும் குறையா?"

"குறை ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு ஸ்டோர்காரர் வீட்டுக்கு வந்தார். வந்த கம்பியை இடது பக்கச் சுவரில் பதித்தார். பிறகு நடையின் ஓரத்தில் மண்டியிட்டு, வலது பக்கச் சுவர் விழாதபடி கோணம் பார்த்து ஒரு போட்டோ எடுத்தார். வாழ்க்கையில் அவர் செய்த முதல் கள்ளக்கணக்கு அது.

புதன்கிழமை பிற்பகல் அந்தப் போட்டோவை மனைவியிடம் காட்டினார். கட்டிலருகே மைத்துனர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அழகா இருக்கு. அந்தப் பக்கம் எங்கே?"

"எந்தப் பக்கம்?"

"வீட்டுக்கு ரெண்டு பக்கம் சுவர் உண்டில்ல? ஒண்ணைத்தான் காட்டியிருக்கீங்க."

ஸ்டோர்காரர் ஜன்னலைப் பார்த்தார். மைத்துனர் சுளையை நீட்டிக்கொண்டே, "விடுங்க அத்தான், அக்கா ஒரு மாசம் நம்ம வீட்டுல..." என்று தொடங்கினார்.

"நீ கொஞ்சம் சும்மா இருடா" என்றாள் அக்கா. "போய் எனக்கு டீ வாங்கிட்டு வா. அவசரமில்ல. மெதுவா வா."

தம்பி போனதும் மனைவி தலையணையில் நிமிர்ந்தாள். "ஒண்ணுதான் வந்துச்சா?"

"ம்."

"சொன்னீங்களா அவங்ககிட்ட?"

"கொண்டுவந்த பொண்ணுகிட்ட எல்லாம் வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். நம்பரும் கொடுத்துட்டேன். இப்பப் போய்க் குறை சொன்னா..."

"பிரிக்காமலே கொடுத்தீங்க."

"அவ எதிர்ல எப்படிப் பிரிக்கிறது?"

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலிக்கும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நாப்பத்திரண்டு வருஷமா வாயைத் திறந்து எதையாவது கேட்டிருக்கீங்களா? தட்டைப் பார்ப்பீங்க, நான் போட்டுடுவேன். கழுத்தைத் துடைப்பீங்க, ஃபேனைப் போட்டுடுவேன். நான் கெடுத்து வச்சது. அந்தக் கம்பெனி என்ன உங்களுக்குக் கழுத்தை நீட்டிக்கிட்டு வந்திருக்கா, முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்க?"

"கேட்டு வாங்குறது நம்ம வீட்டுப் பழக்கமில்ல."

"தொழிற்சாலையில தினமும் ஒரு சீட்டு எழுதுவீங்களே, வந்த சரக்கு குறைஞ்சா. அதுக்கு என்ன பேரு?"

"குறைச்சீட்டு."

"அது பிச்சையா?"

"அது எப்படிப் பிச்சையாகும்? பத்து பெட்டிக்கு ஒப்புக்கிட்டு எட்டு அனுப்பினா எழுதத்தான் வேணும். எழுதலைன்னா வேலையில என்ன ஒழுங்கு? அது கம்பெனி சரக்கு."

"இது என் இடுப்பு" என்றாள் மனைவி.

ஸ்டோர்காரர் அவளுடைய போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"குறை சொல்றது வேற, குறைஞ்சதைச் சொல்றது வேறங்க" என்றாள் அவள், குரலைத் தணித்து. "எனக்குத் தம்பி வீட்டுல ஒரு குறையும் வராது. ஆனா கண்ணு முழிச்சா நம்ம வீட்டு விட்டத்தைப் பார்க்கணும்போல இருக்கு. போய் எழுதுங்க."

வீட்டுக்கு வந்ததும் மடித்துவைத்திருந்த அட்டைப் பெட்டியை மேசைமேல் விரித்தார். திங்கட்கிழமை மரியாதைக்காகப் பார்க்காமல் விட்ட லேபிளை இப்போது சரக்கறைக் கண்ணால் பார்த்தார். மூலையில் சின்னதாக '2-இல் 1' என்று அச்சாகியிருந்தது. அதன் கீழே எடை: மூன்று கிலோ இருநூறு. ஆர்டர் பக்கத்தில் ஜோடியின் எடை ஆறு கிலோ நானூறு. தொழிற்சாலையில் ஒரு பையன் இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அவனை என்ன பாடு படுத்தியிருப்பார்! காது மடல் சுட்டது.

உதவி எண்ணை அழைத்தார். களைத்த குரலில் ஒரு பெண் பேசினாள்.

"நீங்க நம்பர் கொடுத்திருக்கீங்க சார். ஆர்டர் முடிஞ்சதுன்னு காட்டுது."

"அது பெட்டி வந்ததுக்குக் கொடுத்த நம்பர்மா. உள்ளே என்ன இருக்குன்னு நான் எழுதிக் கொடுக்கலை. ரெண்டு பெட்டியில ஒண்ணுன்னு உங்க லேபிளே சொல்லுது."

"சிரமத்துக்கு வருந்துறோம் சார். அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதம் சலுகை கொடுக்கலாம்."

"சலுகை வேண்டாம்மா. சலுகைன்னா நீங்களா மனசு வச்சுக் கொடுக்கிறது. நான் கேக்கிறது என் பொருளை."

"அப்போ வராத கம்பிக்கு மட்டும் பணம்..."

"ஒத்தைச் செருப்பு அனுப்பி, மத்ததுக்குப் பணம் வாங்கிக்கோன்னா நீ ஒப்புக்குவியா? நான் வாங்கினது ஜோடி. மிச்சத்தை அனுப்புங்க. முடியாதுன்னா, வந்ததையும் உங்க செலவுல எடுத்துக்கிட்டு முழுசையும் திருப்புங்க. ரெண்டுல எதுன்னு நான்தான் சொல்லணும், நீங்க இல்ல."

பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "சார், இதை அப்படியே எழுத்துல அனுப்புங்க. லேபிள் போட்டோவும் சேர்த்து. எழுத்துல வந்தா என் மேலதிகாரி பதில் சொல்லியே ஆகணும். யாருக்கு சார் கம்பி?"

"வீட்டுல" என்றார் ஸ்டோர்காரர்.

"சீக்கிரம் எழுதுங்க சார்."

பழைய பழக்கத்தில் முதலில் தாளில் எழுதினார். தலைப்பில் 'குறைச்சீட்டு' என்று போட்டு அடிக்கோடிட்டதும் கை தானாக ஓடியது.

'ஆர்டர்: நாலடிக் கைப்பிடிக் கம்பி, ஒரு ஜோடி. வந்தது: ஒன்று. வரவேண்டியது: ஒன்று. சான்று: பெட்டி லேபிள், எடை, படம் இணைப்பு. பெட்டியைப் பெற்றதற்கு மட்டுமே ஒப்புதல் தரப்பட்டது. வெள்ளிக்கிழமை காலைக்குள் மற்றது வராவிட்டால் வந்ததைத் திருப்பி, முழுத் தொகையையும் பெறுவேன். சலுகை ஏற்கப்படமாட்டாது. பதில் இல்லாவிட்டால் இதே சீட்டு நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகும்.'

படித்துப் பார்த்தார். ஒரு வசவு இல்லை, ஒரு கெஞ்சல் இல்லை. அப்பா இருந்திருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்தே படித்திருப்பார் என்று பட்டது. குறைதீர் மன்றம் என்று எழுதியபோதுதான் உறைத்தது. தீர்ப்பதற்கென்றே ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள் என்றால், குறையைச் சொல்வது அப்படி என்ன கேவலம்? தாளைப் படமெடுத்து அனுப்பினார்.

வியாழக்கிழமை பகல் முழுவதும் போன் வாய் திறக்கவில்லை. மாலையில் மைத்துனர் கூப்பிட்டு, மாடியறையைக் கூட்டித் துடைத்துவிட்டதாகச் சொன்னார். "மாடியறையா? அவ எப்படிடா ஏறுவா?" என்றார் ஸ்டோர்காரர். "அட ஆமா" என்றார் மைத்துனர். விளக்கு வைக்கிற நேரத்தில் பதில் வந்தது: இரண்டாவது பெட்டி கிடங்கிலேயே தங்கிவிட்டது, நாளை காலை வரும்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அதே தலைக்கவசம், அதே பெண். பெட்டியைச் சாய்த்துவிட்டு எதுவும் கேட்காமல் நின்றாள்.

ஸ்டோர்காரர் தொண்டையைச் செருமினார். "ஒரு நிமிஷம் உட்காரும்மா. பிரிச்சுப் பார்த்துட்டு நம்பர் சொல்றேன். தப்பா நினைக்கக்கூடாது."

"ஐயோ, பாருங்க சார்!" அவள் படியில் உட்கார்ந்து தலைக்கவசத்தைக் கழற்றினாள். நெற்றியெல்லாம் வியர்வை. "புகார் வந்ததும் முதல்ல என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டாங்க, இன்னொரு பெட்டியை என்ன பண்ணினேன்னு. நீங்க லேபிளை அனுப்பி, கிடங்குலேயே கிடந்ததைக் கண்டுபிடிச்சதாலதான் தப்பிச்சேன். அன்னைக்கே என் எதிர்ல பிரிச்சிருந்தா எனக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது."

ஸ்டோர்காரருக்குக் கத்திரிக்கோல் பிடித்த கை நின்றுவிட்டது. இவளுடைய மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்றல்லவா அன்றைக்குத் திரும்பிக்கொண்டார்! உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். இந்தத் தடவை வேண்டுமா என்று கேட்கவில்லை. அவளும் மறுக்கவில்லை.

பிறகு பெட்டியைப் பிரித்து, ஒன்பது வருடத்துக்குப் பிறகு, வாய்விட்டு எண்ணினார். "கம்பி ஒண்ணு. பிராக்கெட் மூணு. ஸ்க்ரூ பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு. சரியா இருக்கு." நம்பரைச் சொன்னார்.

பதினொன்றே முக்காலுக்கு, நடையின் நடுவில் நிமிர்ந்து நின்று, இரண்டு சுவரும் தெரிய ஒரு போட்டோ எடுத்தார். பிசியோவிடமிருந்து ஒரே சொல் வந்தது: 'வரலாம்.'

சனிக்கிழமை காலை மைத்துனர்தான் காரில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வந்து கம்பியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "கல்லு மாதிரி இருக்கு அத்தான்" என்றார். "எங்க வீட்டுல இவ்வளவு உறுதியா இல்ல." ஸ்டோர்காரர் மைத்துனர் தோளில் கை வைத்தார். இத்தனை வருடத்தில் அப்படி வைத்தது அது முதல் தடவையாக இருக்கலாம்.

மைத்துனர் போனபின் மனைவி குளியலறை வாசலில் இருந்து கட்டிலுக்கு நடந்து வந்தாள். இரண்டு கையும் இரண்டு கம்பியில். ஒரு அடி, ஒரு மூச்சு, இன்னொரு அடி. ஸ்டோர்காரர் நடையின் இந்த முனையில் கட்டிலுக்கு முன்னால் நின்றார். இருபத்தெட்டு நாளாக எதையாவது தூக்கிக்கொண்டும் பிடித்துக்கொண்டும் இருந்த கைகளுக்கு இப்போது வேலை இல்லை.

கடைசி அடியில் அவள் நின்றாள். "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

அவர் தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவள் வேண்டுமென்றே எதுவும் செய்யாமல் காத்திருந்தாள். கடைசியில் அவர் வாயைத் திறந்தார்.

"எனக்கு ஒரு கை குறையுது."

"குறை சொல்றீங்களா?"

"குறைஞ்சதைச் சொல்றேன்."

அவள் வலது கையைக் கம்பியில் இருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ரெண்டு கையாலயும் பிடிக்கணும்னு அந்த பிசியோ பொண்ணு சொல்லியிருக்கா" என்றார் ஸ்டோர்காரர் பதறி.

"ரெண்டு கையாலயும்தான் பிடிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள்.