ஊதா மூடியும் மஞ்சள் மூடியும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இங்கே மோர்னிங்சைட் பகுதியில் ஒரு பிறந்தநாள் விழாவில், றோல்ஸ் பலகாரத் தட்டுக்கு முன்னால் எனக்குக் கிடைத்தது. சொன்னவரின் பெயரைக் கேளாதீர்கள்.

முதல் தொடக்கம்: 'நுணுக்குக்காட்டியின் மெல்லிய ஒளியில் அன்ரனெற்றின் விழிகள்...'

[சீ! அன்ரனெற் ஆஸ்பத்திரி ஆய்வுகூட விஞ்ஞானி. நாள் முழுக்க அவள் பார்ப்பது கொம்பியூட்டரைத்தான்.]

2

காலை பத்து மணிக்கு, ரத்தம் சோதிக்க வந்த கஸ்பர் அங்கிள் செத்துப்போயிருந்தார். திரையில். ரத்தத்தில் பொட்டாசியம் பதினொன்று! (ஆறைத் தாண்டினாலே டொக்டர்மார் ஓடி வருவார்கள்.) அன்ரனெற் வெளியே எட்டிப் பார்த்தாள். பிரேதம் கதிரையில் இருந்தபடி கோப்பி குடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு உடனே பிடிபட்டது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து உண்டு. அதில் பொட்டாசியம் இருக்கிறது. யாரோ அதிலிருந்து மஞ்சள் மூடிக் குழாய்க்குள் ஊற்றியிருக்கிறார்கள். ரத்தம் எடுத்தவள் மெலனி, அன்ரனெற்றின் சொந்தத் தங்கை மகள். மெலனிக்கு வேலையில் தகுதிகாண் காலம் முடிய ஒரு கிழமைதான் இருக்கிறது.

"மஞ்சளுக்கு ரத்தம் காணேல்லை, பெரியம்மா. திரும்பக் குத்தவோ எண்டு கேட்டன். 'ஐயோ பிள்ளை, மற்றதிலை கிடக்கிறதை ஊத்து, வீணாக்காதை' எண்டார் அங்கிள். பாவமாய் இருந்தது. ஐ ஜஸ்ற் ஷெயார்ட் இற்."

"பங்கிட்டுக் குடுக்க உதென்ன பொங்கல் புக்கையோ?"

3

மறுபடி குத்தி எடுத்தார்கள். பொட்டாசியம் நாலு. அங்கிள் மூன்று நாள்கூடப் பொறுக்காமல் உயிர்த்தெழுந்துவிட்டார்.

மிச்சம், பிழை அறிக்கை. அதில் 'காரணம்' என்றொரு பெட்டி. 'ரத்தம் போதவில்லை' என்று மட்டும் அன்ரனெற்றை எழுதச் சொன்னேன். என் கதை, என் இஷ்டம்.

"விசரோ உங்களுக்கு?" என்று அன்ரனெற் என் மேல் பாய்ந்தாள். "பதினொண்டு வந்தபடியால் பிடிச்சன். ரெண்டு சொட்டு ஊத்தி ஆறு வந்திருந்தால்? இல்லாத வருத்தத்துக்கு அந்த மனுசனுக்கு மருந்தெல்லோ ஏத்தியிருப்பாங்கள்!"

"அப்ப உண்மையை எழுதுங்கோ."

"மகளின்ரை வேலை போச்செண்டு என்ரை தங்கச்சிக்கு ஆர் போன் எடுக்கிறது? நீங்களோ?"

நான் முடிவை எழுதப் பார்த்தேன்.

4

முதல் முடிவு: மேலாளர் மனமிரங்கி, மெலனியைத் தட்டிக்கொடுத்து... [எனக்கே வெட்கமாக இருக்கிறது.]

இரண்டாம் முடிவு: அன்ரனெற் பொய்யை எழுதிவிட்டு, கோவிலில்... [அவள் எழுதமாட்டேன் என்கிறாள். உண்மையையும் எழுதுகிறாளில்லை.]

பெட்டி இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. வெளியே மெலனி அடுத்த ஆளைக் கூப்பிடுகிறாள். பிள்ளை திருந்தியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

எழும்புங்கள், உங்களைத்தான் கூப்பிடுகிறாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் இருங்கள். ஊசி ஏறுமுன் சொல்லுங்கள், அன்ரனெற் என்ன எழுதட்டும்?