குழி எண் பதினான்கு முதல் இருபத்திரண்டு வரை

எங்கள் எரிவாயு நிறுவனத்தில் சமூகப் பொறுப்புக்கென்று தனி இலாகா உண்டு. மூன்றாம் மாடி, கழிவறைக்கு எதிர் அறை. மற்ற இலாகாக்காரர்களுக்குப் பொறுப்பு கிடையாது என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களுக்கு வேலை இருக்கிறது, அவ்வளவுதான். இங்கே மொத்தம் இரண்டு பேர். ஒருவர் மேலாளர். சட்டை, பேனா, குடை, கைபேசி உறை எல்லாமே பச்சை என்பதால் அலுவலகமே அவரைப் பச்சை சார் என்றுதான் கூப்பிடும். இன்னொருவன் நான். கல்லூரியை விட்டு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆண்டறிக்கை எழுதுவதும் மரம் நடுவதும் என் வேலை. நடுவது என்றால், நடச் சொல்லிப் படிவம் நிரப்புவது.

சென்ற வருடம் எங்கள் குழாய் போகும் ஒரு தெருவில், குழாய்க்கு மேலேயே வரிசையாக நாற்பது கன்றுகள் நட்டோம். என் அக்கா குடியிருக்கும் தெரு அது. முன்னறையில் தையல் கடை, பின்னறையில் அவளும் அத்தானும் இரண்டு வாண்டுகளும். நட்ட இரண்டாம் மாதம் அவளிடமிருந்து போன் வந்தது.

“டேய், உங்க கம்பெனி மரம் செத்துப்போச்சு. வந்து எடுத்துட்டுப் போ.”

“எத்தனை?”

“என் வாசல்ல ஆரம்பிச்சு அந்தப் பக்கமா ஒன்பது. சொல்லி வச்ச மாதிரி வரிசையா.”

“தண்ணி ஊத்துனியா?”

“இல்ல, நீ வந்து அழு. அதுல நனையட்டும்.”

குழி எண் பதினான்கு முதல் இருபத்திரண்டு வரை. மாற்றுக்கன்று கேட்டுப் படிவம் நிரப்பினேன். ஒன்பது புதுக்கன்றுகள் வந்தன. நானே போய் நின்று படம் எடுத்தேன். அவையும் செத்தன. மறுபடி ஒன்பது. மறுபடி சாவு. மறுபடி ஒன்பது. எங்கள் படிவத்தில் ‘நட்டவை’ என்றொரு கட்டம் உண்டு, ‘இருப்பவை’ என்ற கட்டம் கிடையாது. ஆகவே அறிக்கையின்படி அந்தத் தெருவில் அறுபத்தேழு மரங்கள். நேரில் போய் எண்ணினால் முப்பத்தொரு மரமும் ஒன்பது குச்சியும். பச்சை சாருக்கு அந்தத் தெருவின் மேல் தனிப் பிரியம். “ஒரு தெருவுக்கு அறுபத்தேழுப்பா! வேற எந்தக் கம்பெனி பண்ணுது?” என்பார். வேறு எந்தக் கம்பெனியாலும் முடியாதுதான்.

கேண்டீனில் ஒருநாள் இந்தக் கன்றுக் கதையைச் சொல்லி, நர்சரிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் கசிவு ஆய்வாளர். இருபது வருடமாகக் கையில் ஒரு கருவியோடு குழாய்த் தடத்தின் மேலேயே நடக்கிறவர். நிறுவனத்தில் அவருக்குப் பெயர் மூக்கு மேடம். டீ கிளாஸை அப்படியே கீழே வைத்தார்.

“ஒரே வரிசையிலயா செத்துச்சு?”

“ஆமா மேடம். பக்கத்துக் கன்னெல்லாம் ஜம்முனு நிக்குது.”

“செத்த கன்னைப் பிடுங்கி வேரைப் பாத்தியா?”

“நான் படிவத்தைத்தான் பாத்தேன்.”

“எந்திரி தம்பி.”

அரை மணி நேரத்தில் அக்கா வாசலில் இருந்தோம். மேடம் முதலில் ஒரு குச்சியைப் பிடுங்கினார். வேர் கறுத்து, கொழகொழவென்று கையோடு வந்தது. பிறகு பதினான்காம் குழியில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, அந்த ஓட்டையில் கருவியின் குழலை விட்டார். முள் எகிறிப் போய் மறு ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

“வாயு இருந்தா வாடை அடிக்குமே? அதுக்குத்தானே ஏதோ கலந்து அனுப்புறாங்க?” என்றாள் அக்கா.

“மண்ணு வாடையை மட்டும் பிடிச்சு வச்சுக்கும்மா. வாயுவை விட்டுடும். வேர் மூச்சு முட்டிச் செத்திருக்கு.”

பிறகு மேடம் கடைக்குள் வந்து மூலை மூலையாகக் குழலை நீட்டினார். முள் அசையவில்லை.

“இன்னைக்கு உள்ள ஒண்ணும் இல்ல. மழை பெஞ்சு மேல்மண்ணு அடைச்சுக்கிச்சுன்னா, அது வேற வழி தேடும். உங்க தரைக்கு அடியிலதான் சாக்கடைக் குழாய் போகுது. நேரா உள்ள வந்துரும்.”

அக்கா மேஜைமேல் சூடாகிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியை அணைக்கப் போனாள். “சுவிட்ச்ல கை வைக்காதீங்க” என்றார் மேடம், கருவியை இன்னொரு முறை பார்த்துவிட்டு, “இப்ப வைக்கலாம்” என்றார். அணைத்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“மூணு தடவை வந்து போட்டோ எடுத்துட்டுப் போனியேடா.”

எந்த வாக்கியத்தையும் கேலியாக மாற்றிவிடுகிறவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. அன்றைக்கு வாண்டுகளின் துணிகளைப் பையில் எடுத்து வைத்தேன். வாண்டுகள் அன்றே அத்தானின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். அக்கா எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டு, பாதியில் நின்ற ஐம்பது பள்ளிச் சீருடைகளுக்குக் கையாலேயே பித்தான் தைக்க உட்கார்ந்தாள்.

நிறுவனத்தின் விதி இதுதான்: வாடை என்று புகார் வரவேண்டும், அல்லது வீட்டுக்குள் முள் அசைய வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அது கசிவு ஆகாது, ‘கண்காணிப்பு’ ஆகும். பராமரிப்பு இலாகாவில் சண்டை போட்டுவிட்டு மேடம் வெறுங்கையோடு திரும்பினார்.

“ஆறு மாசம் கழிச்சு வந்து பாக்குறதுக்குப் பேரு கண்காணிப்பாம். எங்க வீட்டுல அதுக்குப் பேரு மறந்து போறது.”

பச்சை சாரிடம் போனேன்.

“கசிவுன்னு சொல்லாதப்பா.”

“வேற என்ன சார் சொல்றது?”

“எதுக்குச் சொல்லணும்? இது கசிவில்லா ஆண்டு. அறிக்கைக்கு அட்டை அச்சாயிடுச்சு. பதினஞ்சு நாள்ல வெளியீடு. அது முடியட்டும், நானே பேசுறேன்.”

மழை நான்கு நாளில் வரும் என்று வானிலைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் பதினைந்து நாள் தவணை கேட்க வழியில்லை.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பணியில் சேர்ந்த அன்று கொடுத்தது, பிரிக்கவே இல்லை. இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் கிடைத்தது. குழாய்த் தடத்தின்மேல் இரண்டடிக்குக் கீழே எந்த இலாகா தோண்டினாலும், அந்தப் பகுதியின் வால்வை மூடியாக வேண்டும். பராமரிப்பு ஆட்கள் வந்து, கையால் மண்ணை விலக்கி, குழாயைப் பார்த்துச் சொன்ன பிறகே வேலை தொடரலாம். எங்கள் கன்றுகளுக்கு ஒன்றரை அடிக் குழி போதும். வளர்ந்த மரத்துக்கு நான்கடி வேண்டும். குழாய் மூன்றடியில் இருக்கிறது.

படிவத்தை நிரப்பிக்கொண்டு போனேன்.

“வளர்ந்த மரமா?” என்றார் பச்சை சார்.

“பன்னிரண்டு அடி சார். கிரேன்லதான் கொண்டு வரணும்.”

“கிரேன்!” அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “போட்டோவுக்கு அள்ளும்பா. எங்க நடுறோம்?”

“குழி எண் பதினாலு. நாலடி ஆழம். எல்லாம் எழுதியிருக்கேன் சார்.”

படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் காலை வால்வு மூடப்பட்டது. பராமரிப்பு மேஸ்திரியும் நான்கு ஆட்களும் வந்தார்கள். கிரேனில் மரம் வேர்ச்சாக்கோடு படுத்துக் கிடந்தது. தெருவே வேடிக்கை பார்க்க நின்றது. மூன்றடியில் குழாய் தெரிந்தது. மேடம் இறங்கி, குழாய்கள் இணையும் மூட்டின்மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். குழாயில் மிச்சமிருந்த வாயுவுக்கே விரல் நீளத்துக்கு நுரை பொங்கியது. மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, படம் எடுக்கும் ஆட்களோடு பச்சை சார் வந்து இறங்கினார். குழியை எட்டிப் பார்த்தார். என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

“சரி, நல்லதுதான். ஒட்டுப் போட்டு மூடச் சொல்லு. மேல மரத்தை நட்டுடு. அறிக்கையில ‘வழக்கமான பராமரிப்பு’ன்னு ஒரு வரி போதும்.”

குழிக்குள்ளிருந்து மேடத்தின் குரல் வந்தது. “சார், இதைப் போட்ட ஆளுங்களே அதே வாரத்துல போட்ட மூட்டு இந்தத் தெருவுல இன்னும் முப்பது இருக்கு. கசிவுன்னு பதிவானாத்தான் அதெல்லாம் தோண்டுவாங்க. ஒட்டுப் போட்டு மூடுனா இது ஒண்ணோட போச்சு.”

பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் கையில் கத்தரியோடு முன்னால் வந்தார். “என்ன சார் நடக்குது இங்க?”

“மரம் நடுறோம்” என்றார் பச்சை சார்.

“கசிவு” என்றேன் நான். பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்காது. சத்தமாக இன்னொரு முறை சொன்னேன். “எங்க குழாயில கசிவு. குறைஞ்சது பத்து மாசமா இருக்கு. கன்னெல்லாம் செத்தது அதாலதான். நான் மூணு தடவை வந்து பாத்துட்டு, கன்னை மட்டும் மாத்திட்டுப் போயிட்டேன்.”

முடிதிருத்துபவர் குச்சிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “கன்னு செத்தா வேற கன்னு வச்சீங்க. நாங்க செத்திருந்தா வேற ஆளு வச்சிருப்பீங்களா தம்பி?”

அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

“வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாப்பா?” என்றார் பச்சை சார். “உன்னைத் தூக்கிடுவாங்க.”

“தூக்கட்டும் சார். அதுக்கும் ஒரு படிவம் இருக்கும், நிரப்ப நாள் ஆகும்.”

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் கேட்டார்: “வாடை வருதா சார்?”

“இல்லீங்க. குழாயைத் தோண்டிட்டோம். கண்ணு முன்னாடி நுரைக்குது.”

“வாடை இல்லன்னா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது சார்.”

“போற வரைக்கும் நான் லைன்லயே நிக்கிறேன்.”

நின்றேன். அந்தப் பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிட்டார். ஒவ்வொருவரிடமும் மூக்கு மேடம் போனை வாங்கி, கருவி காட்டும் அளவை ஒரே குரலில் படித்தார். இதற்குள் அக்கா வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பச்சை சார் கிளம்பிப் போகவில்லை. கிரேன் ஓட்டுநரிடம், மரத்தை நிழலில் இறக்கி வைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நாற்பதாவது நிமிடம் ஒரு பதிவு எண் வந்தது. எழுத வேறு எதுவும் கிடைக்காமல் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டு மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

“கசிவுன்னே போட்டிருக்காங்களா?”

“கசிவுன்னேதான்.”

“அப்ப அடுத்த மூட்டுக்குப் போலாம்” என்று ஆட்களைத் திருப்பினார்.

அக்கா பதினைந்தாம் குழியிலிருந்த குச்சியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். அவர்கள் தோண்ட ஆரம்பித்தார்கள்.