ஒற்றைக்கால் தடம்

லிஃப்ட் மெக்கானிக்கான அவன் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்திருந்தான். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கம்மலாக வந்தது.

"ஏங்க, வீட்டுக்குள்ள யாராவது வந்தாங்களா?"

தரையில் ரத்தத் தடங்கள். அத்தனையும் வலது கால். வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை போய், அங்கிருந்து கூடத்துக்குத் திரும்பியிருந்தன. கரண்டியை ஓங்கியபடி அவள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தாள். கடைசித் தடம் அவன் நாற்காலிக்கடியில் இருந்தது. அவன் பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஒன்று செருகி நின்றது.

"வலிக்கலையா உங்களுக்கு?"

"எது?" என்றவன் குனிந்து பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டதும் டாக்டரம்மா அவனைப் படுக்க வைத்தார்.

"கண்ணை மூடிக்கங்க. ஊசி குத்துறது தெரிஞ்சா சொல்லுங்க."

அவன் காத்திருந்தான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?"

"பத்துத் தடவை குத்திட்டேன்."

டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் இடது குதிகாலுக்கு மேல் தட்டினார், பாதம் துள்ளியது. வலது பாதமோ யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் போலக் கிடந்தது. முழங்காலை மடக்காமல் அந்தக் காலைத் தூக்கினார். ஒரு சாண் உயர்வதற்குள் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை மின்னல் இறங்க, அலறிவிட்டான்.

"முதுகு வலி எத்தனை நாளா?"

"ரெண்டு வாரமா. மோட்டாரைத் தூக்கினதுல பிடிச்சுக்கிச்சுன்னு விட்டுட்டேன்."

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

அவன் யோசித்தான். காலையிலிருந்து போகவில்லை. போகவேண்டும் என்று தோன்றவுமில்லை. அடிவயிறு மட்டும் உப்பியிருந்தது. "உட்கார்ற இடம் மரத்திருக்கா?" என்று அவர் கேட்டபோதுதான், உட்காரும்போது கீழே நாற்காலி இருப்பதே சில நாளாகத் தெரியவில்லை என்பது உறைத்தது.

டாக்டரம்மா முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. உடனே ஸ்கேன் எடுத்தார்கள். கீழ்முதுகில் எலும்புகளுக்கிடையே இருக்கும் தட்டு பிதுங்கி, காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புக் கொத்தை மொத்தமாக நெரித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குன்னு தள்ளிப்போட முடியாது. இன்னைக்கே ஆபரேஷன்," என்றார் அவர்.

மனைவி ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்து சில நாளில் சிறுநீர் தானாக இறங்கியது. மூன்று மாதத்தில் வேலைக்கும் போனான். வலது பாதத்தில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் இன்னும் மரத்தே கிடக்கிறது. சில மதியங்களில், உலர்ந்த தரையில் நிற்கும்போதே, அந்தப் பாதம் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்குவது போலிருக்கும். நரம்பு அப்படித்தான் செய்யும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அவனும் தலையாட்டுவான். ஆனாலும் குனிந்து பார்க்காமல் அடுத்த அடி வைப்பதில்லை.