பரமேஸ்வரன் தெரிந்தெடுத்த துவக்கு

ரைஸ் குக்கர் வாங்குவதென்றால் மனுசியிடம் அபிப்பிராயம் கேட்கலாம். சுடுகிற துவக்கு வாங்குவதற்கும் மனுசியைக் கேட்கிற ஆளை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒருவர் இருக்கிறார். பெயர் பரமேஸ்வரன். பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூடக் கழற்றாமல், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த வசந்தமலரின் முகத்துக்கு முன்னால் போனை நீட்டினார்.

“இஞ்சை பார் மலர். இது பொயின்ற் ரூ ரூ. சின்ன ரவை. ஐஞ்ஞூறு ரவை ஒரு பிஸ்கற் பெட்டிக்குள்ளை அடங்கும். முயல், புறா எல்லாம் அடிக்கலாம். மற்றது திரீ நோட் எயிட். மானையே விழுத்தும். ஆனால் துவக்கும் பாரம், ரவையும் பாரம், விலை அதைவிடப் பாரம்.”

“விம்பிள்டன் பிள்ளையாருக்கு விரதம் பிடிக்கிற மனுசன் முயல் அடிச்சுத் தின்னப்போறாராம். போய் முகத்தைக் கழுவுங்கோ.”

“பகிடியை விட்டிட்டுச் சொல்லு. எதை எடுப்பம்?”

போனில் தாடிக்கார அமெரிக்கன் ஒருவன், நாடு குழம்பிப்போகிற நாளில் ஒரு மனிதனுக்கு எந்தத் துவக்கு தோதானது என்று மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கென்ன, வீட்டுக்குப் பின்னால் காடு இருக்கிறது, ஆறு இருக்கிறது. இவருடைய வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு கறிவேப்பிலைத் தொட்டியும் பக்கத்து வீட்டுப் பூனையும்தான். ஆனாலும் இவர் அவன் சொல்வதை வேதவாக்காகக் கேட்டார்.

இந்தப் பைத்தியம் கொரோனாக் காலத்தில் கடைகளில் அரிசியும் கக்கூசுக் கடதாசியும் காணாமல் போனபோது தொடங்கியது. கட்டிலுக்குக் கீழே அரிசி மூட்டை வந்தது, பிறகு பருப்பு வந்தது, காஸ் அடுப்பு வந்தது, தண்ணீர்க் கான்கள் வந்தன. அதுவரைக்கும் வசந்தமலர் பொறுத்துக்கொண்டாள். சாப்பாடுதானே, கெடுவதற்கு முன் சமைத்துவிடலாம். பிறகு ஒரு கோடையில் வேறு ஊர்களில் கலவரம் மூண்டது. அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு நெருப்பு வைக்கப் பார்த்ததை டிவியில் காட்டினார்கள். கடைக்காரர்கள் வெள்ளெனவே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போன அந்தப் பின்னேரம், பரமேஸ்வரன் சோபாவில் இருந்து சொன்னார்: “அரிசி இருந்தால் காணாது. அதைக் காக்கிறதுக்கும் ஒண்டு வேணும்.”

இந்த நாட்டில் பயத்துக்குத் துவக்குத் தரமாட்டார்கள். பயமாயிருக்கிறது என்று எழுதினால் அந்த இடத்திலேயே விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார்கள். சுடுகிற விளையாட்டுக் கழகம் ஒன்றில் சேர்ந்து, பழகி, நல்லபேர் எடுத்தால், விளையாட்டுக்கென்று பொலிஸ் அனுமதி தரும். சரி, மனுசன் சேர்ந்தார். ஞாயிறு தவறாமல் சரே பக்கம் போய், வெள்ளைக்காரக் கிழவர்களோடு வயிறு நிலத்தில் படக் கிடந்து, கடதாசி வட்டத்தைச் சுட்டார். போகும்போது மட்டன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு போவார். கிழவர்கள் இவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

இதில் வசந்தமலரைக் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதலாய் அவருக்குக் கை நடுங்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் நிற்கும், விட்டால் நடுங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடுங்காமல் வீட்டுக்கு வந்தார். ஒரு நாள் அவளுக்கும் மகளுக்கும் தேத்தண்ணி போட்டு, ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தார். பாழாய்ப்போன துவக்கு இந்த மனுசனுக்கு நல்லது செய்கிறதோ என்று நினைத்து அவள் குசினிக்குள் போய் அழுதாள்.

ஆனாலும் துவக்கு வீட்டுக்குள் வரக்கூடாது. அவர் அதை யாருக்கு நேரே பிடிப்பார் என்பது அவளுக்குத் தெரியும். கள்ளனுக்கு அல்ல, கலகக்காரனுக்கு அல்ல. ஒரு நாள் தன் தலைக்கு நேரேதான் பிடிப்பார்.

அதைத் தடுக்க வசந்தமலரிடம் ஒரு வசனம் இருந்தது. சொன்னால் அந்த நிமிஷமே அவர் துவக்கை விட்டுவிடுவார். அதற்குப் பிறகு ஆள் உயிரோடு இருப்பாரோ என்பதுதான் சந்தேகம்.

வன்னியில் கடைசிச் சண்டைக் காலம். கடற்கரை றோட்டில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு போனது. மகள் மிதுஷா அப்போது கைக்குழந்தை, அவளை வசந்தமலர் இடுப்பில் வைத்திருந்தாள். பரமேஸ்வரன் சைக்கிளை உருட்டினார். சைக்கிளில் அரிசி மூட்டை, பால்மா, மண்ணெண்ணெய். ஊரில் ஒருவரிடமும் இல்லாத நேரத்தில் அவர்களிடம் இருந்தது, ஏனென்றால் அந்த மனுசன் அப்போதும் முன்யோசனைக்காரன்தான். மூத்தவன் சுஜீத் கரியரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். “அப்பா, கால் நோகுது, தூக்குங்கோ” என்று கேட்டான். கொஞ்சம் பொறு ராசா என்றார். செல் குண்டு விழுந்தது.

வசந்தமலரின் வசனம் இதுதான்: உங்கட கையிலை அரிசி இருந்தது, அதாலைதான் பிள்ளை நடந்தவன். இத்தனை வருஷமாக அதைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். தூக்கியிருந்தாலும் செத்திருப்பானோ, இரண்டு பேருமே செத்திருப்பார்களோ, யார் கண்டது? ஆனால் அவர் யாரிடம் கதைத்தாலும், “எங்களிட்டை அண்டைக்கு ஒண்டும் இருக்கேல்லை” என்பார். அவர் அதை மறந்துவிட்டார், மறந்தபடியால்தான் உயிரோடு இருக்கிறார் என்று அவள் நினைத்தாள். புண்ணைக் கீறிப் பார்க்க எந்தப் பெண்சாதிக்கு மனம் வரும்?

விண்ணப்பம் போட்டு முடிந்து, பொலிஸிலிருந்து ஆள் வீட்டுக்கு வந்து விசாரிக்கப் போகிறது என்றதும், மிதுஷா தகப்பனுக்குப் பாடம் எடுத்தாள். “அப்பா, விளையாட்டு எண்டு மட்டும் சொல்லுங்கோ. சர்வைவல், சண்டை, பயம் ஒண்டையும் வாயிலை எடுக்காதேங்கோ. ப்ளீஸ்.” குசினிக்குள் வந்து தாயின் காதுக்குள் வேறு சொன்னாள்: “உங்களையும் கேப்பினம் அம்மா. உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் தரமாட்டினம்.”

அதுவே வசந்தமலருக்குப் போதுமாயிருந்தது. மனுசனிடம் ஒன்றும் சொல்லாமல், வருகிற ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்டால்? அதற்கும் அந்த வசனம்தானே பதில்.

புதன்கிழமை மத்தியானம் பொலிஸ் அலுவலர் வந்தார். ஹெலன் என்ற நடுவயதுப் பெண், நல்ல முகம். துவக்கு வைக்கவென்று சுவரோடு பூட்டியிருந்த இரும்பு அலுமாரியை ஆட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு சோபாவில் இருந்துகொண்டு விண்ணப்பக் கோப்பை மடியில் விரித்தார். பரமேஸ்வரன் கேட்டதற்கெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் மறுமொழி சொன்னார். கழகம் எங்கே, அலுமாரித் திறப்பை எங்கே வைப்பீர்கள், குடிப்பீர்களா. ஒரு பிசகும் இல்லை. வடைத் தட்டோடு வாசலில் நின்ற வசந்தமலர், ஐயோ பாஸ் பண்ணப்போகிறாரே என்று நினைத்தாள்.

ஹெலன் வடையை எடுத்துக்கொண்டு, மரியாதைக்குத்தான், “இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவு காலம்?” என்று கேட்டார்.

கெட்டது குடி. மடியில் கோப்பு, கையில் பேனா, மெதுவான குரல். அரசாங்க ஆள் ஒருவர் அப்படி இருந்து அந்தக் கேள்வியைக் கேட்டால் எங்கள் சனத்துக்குக் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான்: ஹோம் ஒபீஸ் அகதி விசாரணை. பரமேஸ்வரன் நிமிர்ந்து இருந்தார். கைகளை முழங்காலில் வைத்தார். பிறந்த இடத்திலிருந்து தொடங்கினார். ஒன்றையும் விடக்கூடாது, முதலிலிருந்து ஒழுங்காய்ச் சொல்ல வேண்டும், பயத்தைச் சொல்ல மறக்கவே கூடாது என்று அந்த நாளில் சட்டத்தரணி சொல்லிக்கொடுத்த வழியிலேயே போனார். அண்டைக்குப் பயத்தைச் சொல்லித்தானே விசா எடுத்தது. ஹெலன் நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. அவருடைய இங்கிலிஷ் கிளிநொச்சியை விட்டது, புதுக்குடியிருப்பை விட்டது, கடற்கரை றோட்டுக்கு வந்தது.

“என்னுடைய இரண்டு கையும் சைக்கிள் ஹாண்டிலில்,” என்றார். “சைக்கிளில் அரிசி. மகன் தூக்கச் சொல்லிக் கேட்டான். கையில் இடமில்லை. மகன் நடந்தான்.”

வசந்தமலர் தட்டைக் கீழே வைத்தாள். வைத்தாளோ விழுந்ததோ அவளுக்கே தெரியாது.

ஹெலன் பேனாவை மூடிவிட்டார். பிறகு, அந்த மனுசனை எப்படியாவது விளையாட்டுப் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், “கழகத்தில் பெரிய ரைபிள்களும் இருக்கின்றனவே, ஏன் இந்தச் சின்னதைத் தெரிந்தெடுத்தீர்கள்?” என்று கேட்டார்.

“பாரமில்லை. வாரைப் போட்டால் முதுகில் கிடக்கும். இரண்டு கையும் சும்மா இருக்கும்.”

“சும்மா இருந்தால்?”

“மகனைத் தூக்கலாம்.”

“மகனுக்கு எத்தனை வயது?”

“ஆறு.”

ஹெலன் எழுந்து வந்து வசந்தமலரின் தோளைத் தொட்டார். முடிவு தபாலில் வரும் என்றார். அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்ன முடிவென்று மூன்று பேருக்கும் தெரியும்.

கதவு சாத்தியதும் பரமேஸ்வரன் கேட்டார்: “பிழையாச் சொல்லிப்போட்டன் என்ன? பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொன்னவள்.”

“உங்களுக்கு அது ஞாபகம் இருக்கெண்டு எனக்குத் தெரியாதப்பா.”

“எது?”

“அவன் தூக்கச் சொல்லிக் கேட்டது.”

“ஒவ்வொரு நாளும் கேக்கிறானடி.” கை நடுங்கத் தொடங்கியது. “நீ ஒரு நாளாவது கேப்பாய் எண்டு பாத்தனான். ஏன் தூக்கேல்லை எண்டு. ஏசுவாய், அடிப்பாய் எண்டு பாத்தனான். நீ கேக்கேல்லை.”

“கேட்டால் நீங்கள் செத்துப்போவியள் எண்டு நினைச்சன்.”

அவள் வந்து கார்பெட்டில், அவருடைய காலடியில் இருந்தாள். அண்டைக்கு றோட்டோரம் கையால் மண்ணைக் கிளறி, அவளுடைய சீலைத் துண்டால் சுற்றி, பிள்ளையை வைத்து மூடிவிட்டு எழும்ப அடுத்த செல் வந்தது. ஓடினார்கள். வாய்விட்டு அழவில்லை. எட்டுச் செலவுப் படையல் இல்லை, அந்தியேட்டிச் சடங்கு இல்லை, ஒருவர் வந்து துக்கம் கேட்கவில்லை. இப்போது வசந்தமலர் வாயைத் திறந்தாள். “ஐயோ என்ரை ராசா, என்ரை குஞ்சு” என்று வந்தது. தலையில் அடித்துக்கொண்டு, ஊரில் பெண்கள் அழுவதுபோல் ராகம் எடுத்து அழுதாள். பரமேஸ்வரனும் நிலத்தில் இறங்கி, அவளைக் கட்டிக்கொண்டு, கேட்பவர் பதறுகிற மாதிரிக் கத்தினார்.

பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்த மிதுஷா தெருவிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஓடிவந்தாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“அம்மா! என்ன? ஆர்? ஆர் செத்தது?”

“கொண்ணன் சுஜீத்,” என்றாள் வசந்தமலர். “கொண்ணன் போயிட்டானடி பிள்ளை.”

மிதுஷா பையைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் வந்து இருந்தாள்.