கை நடுங்கினால் நல்ல சீட்டு

தேர்வு அறையில் பிட் அடிப்பவனைக் கடைசி பெஞ்சுவரை மோப்பம் பிடிக்கிற டீச்சருக்கு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் போக்கரில் எதிராளியைப் படிப்பது தண்ணீர் பட்ட பாடு. பந்தயம் தீக்குச்சிகள்தான். நல்ல சீட்டு வந்தால் அவள் தம்பியின் குரலில் தேன் வடியும். நாத்தனார் உதார் விடும்போது மூச்சே விட மாட்டாள். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் கணவருக்கோ வலது கை நடுங்கும். ஒருமுறை மூன்று ராஜாக்களை வைத்துக்கொண்டு அப்படி நடுங்கி எல்லாரையும் மொட்டை அடித்துவிட்டார். அதிலிருந்து அவர் கை ஆடினாலே மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள்.

இன்றும் ஆடியது. குச்சிகளை நடுவில் தள்ளும்போது நாலைந்து கீழே உருண்டன.

“போச்சு, மாமாவுக்குக் குளிர் ஜுரமே வந்துடுச்சு!” தம்பி சீட்டை எறிந்தான்.

“எனக்கும் வேணாம்பா. அண்ணி, நீங்களும் ஓடிடுங்க,” என்றாள் நாத்தனார்.

டீச்சரிடம் இரண்டு ஒன்பது இருந்தது. வீம்பு வந்துவிட்டது. “காட்டுங்க பார்ப்போம்.”

“வேணாம்மா, அப்புறம் அழுவே.”

“காட்டுங்கன்னா!”

திருப்பினார். ஒன்றுக்கொன்று ஒட்டு உறவில்லாத சில்லறைச் சீட்டுகள். ஒரு ஜோடிகூட இல்லை.

“அடப்பாவி அண்ணா! இத்தனை நாளா நடிப்பா?” நாத்தனார் மேசையைத் தட்டிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குச்சிகளை வாரப் போன டீச்சர் அப்படியே நின்றாள்.

ஆட்டம் முடிந்துவிட்டது. இனி யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. ஆனால் வெறும் மேசைமேல் அந்தக் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் அவர் அதை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

அவளுக்கு இப்போதுதான் பிடிபட்டது. சீட்டு என்றாலே கொட்டாவி விடும் மனிதர், கொஞ்ச நாளாக அவரேதான் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைக்கிறார். நடுங்கும் கையைப் பார்த்து யாரும் கேள்வி கேட்காத ஒரே இடம் இதுதானே!

“மாமா, தோத்ததுக்கு அபராதம். நாளைக்கு எனக்கு இன்டர்வியூ. மழமழன்னு ஒரு ஷேவ் பண்ணிவிடுங்க.” தம்பி மோவாயைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினான்.

“அதுக்கென்ன, வாடா.”

சாக்கு ஒன்றும் கிடைக்கவில்லை போலும். சவரக்கத்தி இருந்த அலமாரியை நோக்கி நடந்தே விட்டார்.

டீச்சர் பாய்ந்து குறுக்கே நின்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடிக்குள்ளும் அது அடங்கவில்லை.

“என்னக்கா?” தம்பியின் சிரிப்பு பாதியில் அறுந்தது.

“எப்பலேர்ந்துங்க?” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“கடையில யாருக்கும் ஒரு கீறல்கூட படல. சத்தியமா,” என்றார் அவர். “கத்தி வேலை எல்லாம் கடையில வேலைக்கு வச்ச பையன்தான் பாத்துக்கறான். நான் தொட்டே ரொம்ப நாளாச்சு.”

“நான் அதையா கேட்டேன்?”

அவர் விரல்களைத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். நடுக்கம் அவள் முழங்கைவரை ஏறியது. அதில் எது அவருடையது, எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.